இரவுச் சாரதிகளின் வரலாறு

ஐக்கிய அமெரிக்காவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை அந்நாட்டுச் சனாதிபதிகளைப் பற்றியன. அல்லது திரைப்பட நட்சத்திரங்களைப் பற்றியன. அந்நாட்டில் உழைத்து வாழ்வோருக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நம்மவருட் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. மே தினம் சிக்காகோ நகரத் தொழிலாளரின் போராட்டத்திலிருந்து பிறந்தது என்று ஆண்டுதோறும் மேடைகளிற் கேட்கின்றோம். அதற்கு அப்பாற் செல்வதில்லை. அதே சிக்காகோவை ஒரு முனையாகக் கொண்ட மத்திய மேற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில், இரவு முழுவதும் சரக்கு லொறி ஓட்டுகின்ற சாரதிகளின் வரலாற்றை ஈண்டு எடுத்து நோக்குவோம்.

முதலில் அத்தொழிலின் இயல்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்து வெங்காயத்தை லொறி நிறைய ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகக் கொழும்புக்குப் புறப்படும் சாரதியை நாம் அறிவோம். இங்கு நாம் கூறும் அமெரிக்கச் சாரதியின் லொறியில் ஒருவருடைய பொருள் மட்டும் இருப்பதில்லை. ஒரு சப்பாத்துக் கடைக்குரிய பத்துப் பெட்டிகள், ஒரு தொழிற்சாலைக்குரிய இயந்திர உறுப்பு, ஓர் ஆஸ்பத்திரிக்குரிய மருந்துப் பொதிகள் எனப் பலருடைய சிறு சரக்குகள் அதில் ஒன்றுசேர்ந்திருக்கும். பிற்பகலில் நகரச் சாரதிகள் தெருத் தெருவாகச் சென்று அவற்றைச் சேகரித்துக் கொம்பனியின் சரக்கு முனையத்திற்குக் கொண்டு வருவர். அங்குள்ள நீண்ட மேடையிலே அவை ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டு, வேறு ட்ரெயிலர்களில் மீண்டும் ஏற்றப்படும். இரவு ஒன்பது பத்து மணியளவில் நெடுஞ்சாலைச் சாரதி வந்து இழுவை வண்டியைக் கொழுவிக்கொண்டு புறப்படுவான். பல தடங்களில், இரு நகரங்களுக்கும் நடுவே குறித்ததோர் இடத்தில் மறுநகரத்துச் சாரதி நள்ளிரவில் வந்து அவனைச் சந்திப்பான். இருவரும் ட்ரெயிலர்களைக் கழற்றி ஒருவருடையதை மற்றவர் பூட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்புவர். பொழுது விடியும்போது இவன் தன் ஊரில், அவன் தன் ஊரில். தூரத் தடங்களில் ஓடுவோருக்கு இவ்வாய்ப்பும் இல்லை. அவர்கள் அயலூர் விடுதியொன்றிற் பகலெல்லாம் உறங்கி மறுநாளிரவு திரும்ப வேண்டும். காலையில் வியாபாரி கடை திறக்கும்போது அவனது சரக்கு வாசலில் நிற்கிறது. அது எவ்வாறு வந்தது என்பதை அவன் அறியவேண்டிய அவசியமில்லை.

இச்சாரதிக்குக் கூலி பெரும்பாலும் மைலுக்கு இத்தனை சதம் என்ற கணக்கிலேயே கொடுக்கப்படுகின்றது. சக்கரம் உருண்டால் பணம் உண்டு. பனியில் வீதி மூடிக்கிடந்தால், சரக்கேற்றும் மேடையில் இரண்டு மணித்தியாலம் காத்துக் கிடந்தால், நடுவழியில் இயந்திரம் பழுதடைந்தால் அந்நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது? இக்கேள்வியை வாசகர் மனத்திற் கொள்வாராக. இவ்வரலாற்றின் பெரும்பகுதி இதனைச் சுற்றியே சுழல்கின்றது. மூப்புவரிசையில் மேலே உள்ளவன் நிரந்தரமான தடத்தைத் தெரிந்துகொள்வான். கீழே உள்ளவன் அழைப்புப் பட்டியலில் இருப்பான். தொலைபேசி எப்போது ஒலிக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. மாலையிற் புறப்பட வேண்டுமென எண்ணிப் பகலில் உறங்கியவனை அதிகாலை இரண்டு மணிக்கு அழைப்பர்; பகல் முழுவதும் விழித்திருந்தவனை இரவு எட்டு மணிக்கு அழைப்பர். உறக்கம் அவன் வீட்டுக் காரியமென்றே கொம்பனி கருதிற்று.

முதலாம் உலகப்போரின் பின்னரே லொறி புகையிரதத்திற்குப் போட்டியாக எழுந்தது. 1920களில் வீதிகள் செப்பனிடப்பட்டன. காற்றடைத்த பெரிய டயர்கள் வந்தன. முந்நூறு மைலுக்குட்பட்ட தூரத்திற் சிறு சரக்கைக் கொண்டுசெல்ல லொறியே விரைவானதாயிற்று. 1929 இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி இதற்கு ஒரு விபரீதமான ஊக்கத்தை அளித்தது. வேலையிழந்தவன் தவணை முறையில் ஒரு பழைய லொறியை வாங்கி, கிடைத்த கூலிக்குக் கிடைத்த சரக்கை ஏற்றினான். அவனைப் போல ஆயிரம் பேர் ஏற்றினர். ஒருவன் பத்து டொலருக்குக் கொண்டுபோவதை மற்றவன் எட்டு டொலருக்குக் கொண்டுபோக முன்வந்தான். அவன் தன்னை முதலாளியென நினைத்துக்கொண்டான். தவணைப் பணம் கட்டும் நாளில் மாத்திரம் தான் யார் என்பது அவனுக்கு விளங்கியது.

இவர்களைத் திரட்ட ஒரு தொழிற்சங்கம் இல்லாமலில்லை. 1903 இல் நிறுவப்பட்ட 'டீம்ஸ்ரர்' சங்கம் இருந்தது. அப்பெயரின் பொருள் குதிரைகள் பூட்டிய வண்டியை ஓட்டுபவன் என்பதாகும். இரு குதிரைத் தலைகளும் ஒரு சக்கரமும் அதன் இலச்சினையில் இன்றும் உள்ளன. 1907 முதல் 1952 வரை டானியல் டொபின் என்பவர் அதன் தலைவராயிருந்தார். நகரத்திற்குள்ளே பால், ரொட்டி, ஐஸ் விநியோகிக்கும் சாரதிகளே அச்சங்கத்தின் கண்ணுக்குச் சாரதிகளாய்த் தோன்றினர். இன்றைக்கு ஓரூரிலும் நாளைக்கு மற்றோரூரிலும் திரியும் நெடுஞ்சாலைக்காரரைச் சேர்ப்பதில் டொபினுக்கு விருப்பமில்லை. வேலைநிறுத்தமென்றால் அவருக்கு அச்சம்; சங்கத்தின் பணப்பெட்டி காலியாகிவிடுமென்ற அச்சம். தொழிற்சங்கத் தலைவர்களைச் சற்று நெருங்கி நின்று பார்த்தவர்களுக்கு இவ்வகை மனிதர் புதியவரல்லர்.

மாற்றம் மினசோட்டா மாநிலத்தின் மினியாப்பொலிஸ் நகரிலிருந்து வந்தது. கோதுமை ஆலைகளும் மொத்த வியாபாரச் சந்தைகளும் நிறைந்த அந்நகரில் 'பிரசைகள் கூட்டணி' எனப் பெயர் பூண்ட முதலாளிகள் அமைப்பொன்று தொழிற்சங்கம் தலைகாட்டாதபடி பல்லாண்டுகள் காவல் செய்துவந்தது. அங்கே நிலக்கரிக் களங்களில் வேலை செய்த சிலர் நெடுங்காலம் பொறுமையாகத் திட்டமிட்டனர். சுவீடனிலிருந்து வந்து குடியேறிய கார்ல் ஸ்கொக்லண்ட், வின்சன்ற் டண், அவருடைய சகோதரர்களான மைல்ஸ், கிராண்ட் ஆகியோர் இவர்களுள் முதன்மையானவர். ஸ்டாலினோடு முரண்பட்டு ட்ரொட்ஸ்கியைப் பின்பற்றியமைக்காகக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இவர்கள். கட்சிப் பூசல்களிற் காலம் கழிக்க அவர்களுக்கு எத்தனையோ நியாயங்கள் இருந்தன. அவர்களோ கரிக்களத்திற் சாக்குத் தூக்கினர். தம் அருகில் நின்று சாக்குத் தூக்கியவனோடு பேசினர்.

1934 பெப்ரவரியில், உறைபனிக் குளிரில், வீடுகளுக்குக் கரி இன்றியமையாததாயிருந்த வேளை பார்த்து வேலைநிறுத்தம் தொடங்கிற்று. சில மணி நேரத்துள் ஏறக்குறைய எல்லாக் களங்களும் மூடப்பட்டன; மூன்று நாளில் வெற்றி கிடைத்தது. அவ்வேளை கரி அள்ளிக்கொண்டிருந்த இளைஞருள் ஒருவர் பரல் டொப்ஸ். 1932 தேர்தலில் ஹூவருக்கு வாக்களித்தவர் அவர்! இரண்டாண்டுக்குள் அந்த மனிதர் ஒரு நகரத்தையே நிறுத்திய வேலைநிறுத்தத்தின் அமைப்பாளருள் ஒருவரானார். சங்கத்தின் 574 ஆம் இலக்கக் கிளை விரைந்து வளர்ந்தது. மே மாதத்தில் நகரின் லொறிகள் யாவும் நின்றன. பெரிய மோட்டார்க் கொட்டகையொன்று தலைமையகமாயிற்று. அங்கே சமையற்கூடம் இருந்தது. காயமுற்றோருக்கு மருத்துவர் இருந்தார். தொலைபேசியில் வரும் செய்திக்கேற்ப மறியற்காரரைக் கார்களில் அனுப்பும் மேசை இருந்தது. தொழிலாளரின் மனைவியரும் தங்கையரும் துணைச்சங்கம் அமைத்துச் சமைத்தனர், பத்திரிகை விற்றனர், நகரசபைக்கு ஊர்வலம் போயினர். வேலையில்லாதோரையும் சங்கம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மறியலை உடைக்கக் கூலிக்கு ஆள் பிடிக்க வந்தவன் ஏமாந்து திரும்பியமைக்கு இதுவே காரணமெனலாம். சுற்றியிருந்த கிராமங்களின் விவசாயிகள் உணவு கொண்டுவந்து கொடுத்தனர்.

மே மாதத்து உடன்படிக்கையை முதலாளிகள் மதிக்கவில்லை. சாரதிகளோடு மேடையிலும் களஞ்சியத்திலும் வேலை செய்யும் உள்வேலையாட்களுக்காகவும் சங்கம் பேசலாமா என்பதிலே பிணக்கு எழுந்தது. லொறி ஓட்டுபவனை மட்டும் தனியே பிரித்துவிட்டால் சங்கம் பாதியாகிவிடும் என்பதை இருதரப்பினரும் நன்கறிந்திருந்தனர். யூலை நடுப்பகுதியில் மீண்டும் வேலைநிறுத்தம். யூலை 20, வெள்ளிக்கிழமை, பொலிஸ் காவலோடு ஒரு லொறி சந்தைக்குட் செலுத்தப்பட்டது. அதை மறிக்க வந்த, கையில் ஆயுதமற்ற தொழிலாளர் மீது பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். 67 பேர் காயமுற்றனர். பலர் முதுகிலே சுடப்பட்டிருந்தனர். ஹென்றி நெஸ், ஜோன் பெலோர் என்னும் இருவர் உயிர்நீத்தனர். நெஸ்ஸின் இறுதி ஊர்வலத்திற் பல்லாயிரம் பேர் நடந்தனர். பொலிசாரின் உயிருக்கு எவ்வித ஆபத்தும் இருக்கவில்லை என்று ஆளுநர் நியமித்த விசாரணைக்குழுவே பின்னர் கூறிற்று. அந்த ஆளுநர் விவசாயி-தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த புளொயிட் ஒல்சன். தொழிலாளரின் நண்பர் எனப்பட்ட அவர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, ஓகஸ்ட் முதலாந் தேதி சங்கத் தலைமையகத்தை முற்றுகையிட்டுத் தலைவர்களைச் சிறைப்பிடித்தார். ஆயினும் வேலைநிறுத்தம் கலையவில்லை. தலைவர் சிறையிலிருந்தபோதும் மறியல் தொடர்ந்தது. சங்கம் நாள்தோறும் வெளியிட்ட பத்திரிகை, முதலாளிகளின் பத்திரிகைகள் கூறிய பொய்களுக்கு அன்றன்றே மறுமொழி கூறிற்று. ஒல்சனும் இறுதியிற் கைதிகளை விடுவிக்க நேர்ந்தது. ஓகஸ்ட் 21 இல் முதலாளிகள் பணிந்தனர். சந்தைப்பகுதியின் 22 கொம்பனிகளில் உள்வேலையாட்களுக்காகவும் சங்கம் பேசும் உரிமை பெற்றது.

நகரம் வெல்லப்பட்டது, நெடுஞ்சாலை எஞ்சியிருந்தது. இங்குதான் டொப்ஸின் நுண்ணறிவு வெளிப்பட்டது. நெடுஞ்சாலைச் சாரதியை வீதியிலே பிடிக்க முடியாது. ஆனால் அவன் ஓட்டம் ஒரு மேடையிற் தொடங்கி ஒரு மேடையில் முடிகின்றது. மினியாப்பொலிஸ் மேடை சங்கத்தின் கையில் இருக்குமாயின், சங்கமில்லாத ஊரிலிருந்து வரும் லொறி அங்கு வந்தே தீரவேண்டும். வந்த சாரதியிடம் அங்கத்துவ அட்டை கேட்கப்பட்டது. அட்டையில்லாதவனுக்கு அங்கேயே அங்கத்துவம் வழங்கப்பட்டது. அவன் தன்னூர் திரும்பும்போது அவ்வூரின் முதற் சங்க உறுப்பினனாகத் திரும்பினான். அவ்வூரின் மேடையிலே சங்கம் வேர்விட்டதும் அதற்கு அடுத்த ஊர். பொருள்களை ஊருக்கு ஊர் கொண்டுசெல்வதற்கு முதலாளி அமைத்த அதே வலைப்பின்னல் சங்கத்தையும் ஊருக்கு ஊர் கொண்டுசென்றது. தாக்கப்பட்டு வலுவிழந்து கிடந்த சிறிய கிளைகளெல்லாம் இவ்வழியில் நிமிர்ந்தன. 1937 இல் இக்கிளைகளை இணைத்து ஒரு வட்டாரப் பேரவை உருவாக்கப்பட்டது.

1938 ஓகஸ்டில், ஒகையோ முதல் நெப்ராஸ்கா வரை 11 மாநிலங்களின் நெடுஞ்சாலைச் சாரதிகளுக்கு ஒரே உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. முன்னர் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு கூலியாயிருந்தது ஒன்றாயிற்று. மைற்கூலியோடு காத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு வந்தது. சொந்த லொறி வைத்து ஓட்டுவோனுக்கு லொறி வாடகை வேறு, உழைப்புக் கூலி வேறு எனப் பிரித்தமை அதனிலும் முக்கியமானது. தன்னை முதலாளியென மயங்கிக் கிடந்தவனுக்குத் தன் கைகளின் விலை எவ்வளவு என்பது முதன்முறையாகத் தனி வரியில் எழுதிக் காட்டப்பட்டது. ஒமாகா முதலிய சில நகரங்களின் கொம்பனிகள் கையொப்பமிட மறுத்தன. பல மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தின் பின், 1939 தொடக்கத்தில் அவையும் இணங்கின.

ஆனால் இதே 1938 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இன்னொன்றைப் பாடநூல்கள் கூறுவதில்லை. ரூஸ்வெல்றின் 'நியூ டீல்' ஆட்சியின் பெருஞ் சாதனைகளுள் ஒன்றாக அவ்வாண்டின் நியாய தொழில் நியமச் சட்டம் போற்றப்படுகின்றது. நம் மாணவரும் அதை மனனஞ் செய்கின்றனர். குறைந்தபட்சக் கூலியையும், வார வேலை எல்லையை மீறிய நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலியையும் அது சட்டமாக்கிற்று. அச்சட்டத்தினுள்ளே ஒரு விலக்கு இருந்தது. 1935 ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கிடையிலான லொறிப் போக்குவரத்து ஓர் ஆணைக்குழுவின் கீழ்க் கொண்டுவரப்பட்டிருந்தது. சாரதிகளின் வேலை நேரத்தைப் பாதுகாப்புக் கருதி அவ்வாணைக்குழு வரையறுக்கும். ஆகவே அவர்களுக்கு மேலதிக நேரக் கூலிச் சட்டம் பொருந்தாது எனப்பட்டது. ஆணைக்குழு வரையறுத்த நேரந்தான் யாது? நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் ஓட்டலாம். ஏழு நாளில் அறுபது மணித்தியாலம் வேலை செய்யலாம். மற்றத் தொழிலாளிக்கு நாற்பது மணித்தியாலத்தை நோக்கி வாரம் குறுகிக்கொண்டிருந்த காலத்தில், சாரதிக்கு அறுபது மணித்தியாலம் சட்டபூர்வமாயிற்று. அவ்வெல்லையேனும் காக்கப்பட்டதா? சாரதி தன் நேரத்தைத் தானே ஓர் ஏட்டிற் பதிய வேண்டும். மைலுக்குக் கூலி பெறுபவன் எதை எழுதுவான்? உறங்கியதாக எழுதிய நேரத்திற் பலர் ஓட்டிக்கொண்டிருந்தனர். கண்ணை மூடவிடாத பென்சிட்ரின் மாத்திரைகள் வழியோர உணவுக்கடைகளில் விலைக்குக் கிடைத்தன.

இலக்கிய வாசகர்களுக்காக இங்கே ஒன்றைக் குறிப்பிடலாம். காய்கறி லொறிகளின் உலகை நேரில் அறிந்த பெசெரிடிஸ் என்னும் ஆர்மேனிய வழிவந்த எழுத்தாளர் 1938 இல் 'லோங் ஹோல்' என்றொரு நாவலை எழுதினார். அதனை வாங்கிய வார்னர் கொம்பனி 1940 இல் 'தே டிரைவ் பை நைற்' என்ற படமாக்கிற்று. படத்தின் முற்பாதியில் உறக்கம் இருக்கின்றது, தவணைக் கடன் இருக்கின்றது, ஸ்ரியரிங்கிற் கண்ணயர்ந்து கையை இழக்கும் தம்பி இருக்கின்றான். பிற்பாதியிலோ கதை திடீரென ஒரு கொலைகாரப் பெண்ணின் கதையாகி, அண்ணன் லொறிக் கொம்பனிக்குத் தலைவனாகி, எல்லாம் இனிதே முடிகின்றது. அப்பிற்பாதி, அதே கொம்பனியின் முந்திய படமொன்றிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. தொழிலாளியின் துன்பத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நோக்கப் பொறுமையில்லாத கலைக்கு இதனை நல்ல சான்றாகக் கொள்ளலாம்.

இனி 1941. டொப்ஸ் அதற்குமுன் சங்கப் பதவியை விட்டுத் தம் கட்சிப் பணிக்குச் சென்றிருந்தார். மினியாப்பொலிஸ் கிளை டொபினிடமிருந்து பிரிந்து எதிர்த் தரப்புத் தொழிற்சங்க சம்மேளனத்தில் இணைந்தது. டொபின் ரூஸ்வெல்றிடம் முறையிட்டார். அவர் ரூஸ்வெல்றின் தேர்தல் துணைவர். யூன் மாத இறுதியில் இரகசியப் பொலிசார் கட்சி அலுவலகங்களிற் புகுந்தனர். அரசாங்கத்தைக் கவிழ்க்கும் கருத்தைப் பரப்புதல் குற்றமென 1940 இல் இயற்றப்பட்ட ஸ்மித் சட்டம் முதன்முதல் இவர்கள் மீதே பாய்ந்தது. 29 பேர் மீது வழக்கு. 18 பேருக்குச் சிறை. தண்டனை வாசிக்கப்பட்ட நாள் 1941 டிசெம்பர் 8, பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டதற்கு மறுநாள். ஏகாதிபத்தியப் போரென அதனை எதிர்த்தவர்களுக்குச் சிறை என்பது அன்று இலங்கைக்கும் புதிதன்று. 1940 யூனில் நம் நாட்டு லங்கா சமசமாசக் கட்சியின் தலைவர்களும் அதே நிலைப்பாட்டிற்காகவே கைதாகி, 1942 ஏப்ரிலிற் போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினர். அவர்களுள் ஒருவரான பிலிப் குணவர்த்தன 1920களில் இலினோய், விஸ்கொன்சின் பல்கலைக்கழகங்களிற் பயின்றவர். இவை இரண்டும் நாம் கூறிவரும் லொறித் தடங்கள் ஓடும் மாநிலங்களே. இன்னொன்றையும் மறைத்தலாகாது. ட்ரொட்ஸ்கியவாதிகள்மீது தொடரப்பட்ட அவ்வழக்கை அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. 1948 இல் அதே சட்டத்தின் கீழ் அக்கட்சியின் தலைவர்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர்.

1941 இல் மினியாப்பொலிஸ் கிளையை நொறுக்க டொபின் அனுப்பியவர்களுள் டெற்றொயிற் நகர இளைஞரொருவர் இருந்தார். அவர் ஜிம்மி ஹொஃபா. டொப்ஸோடு சேர்ந்து நெடுஞ்சாலைப் பேச்சுவார்த்தைகளில் ஈடுபட்டு, மேடையைக் கொண்டு வீதியை வெல்லும் கலையை அவரிடமே கற்றவர். கற்றதைப் பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். அக்கலையை அவர் நாடு முழுவதற்கும் விரித்தார். 1964 சனவரியில் நான்கு இலட்சம் பேருக்கு மேற்பட்ட சாரதிகளுக்கும் மேடைத் தொழிலாளருக்கும் ஒரே தேசிய உடன்படிக்கை பெற்றார். இரவுச் சாரதி வீடு வாங்கினான், பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினான், ஓய்வூதியம் பெற்றான். இவற்றைச் சிறுமைப்படுத்துதல் நியாயமன்று. ஆனால் 1934 இன் மோட்டார்க் கொட்டகையில் ஒவ்வோரிரவும் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டுத் தீர்மானித்தது போல இங்கு யாரும் தீர்மானிக்கவில்லை, ஹொஃபா தீர்மானித்தார். ஓய்வூதிய நிதி லாஸ் வேகாஸ் சூதாட்ட மாளிகைகளுக்குக் கடனாகச் சென்றது. 1957 இல் ஊழலுக்காகச் சங்கம் சம்மேளனத்திலிருந்து விலக்கப்பட்டது. 1967 இல் ஹொஃபா சிறை சென்றார். 1975 இற் காணாமற்போனார்.

அந்த வீடும் ஓய்வூதியமும் யாருக்குக் கிடைத்தன? தென்பகுதியையும் மேற்கையும் உள்ளடக்கி ஓடிய பெருங் கொம்பனியொன்றின் மீது தொடுக்கப்பட்டு, 1977 இல் உயர்நீதிமன்றத்தில் முடிவுற்ற வழக்கின் ஏடுகள் விடை கூறுகின்றன. 1971 மார்ச்சில் அக்கொம்பனியில் 6,472 ஊழியர். அவர்களுள் 314 பேர் கறுப்பர். நெடுஞ்சாலைச் சாரதிகள் 1,828 பேர்; அவர்களுள் கறுப்பர் 8 பேர். அந்த எட்டுப் பேரும் வழக்குத் தொடங்கிய பின்னரே சேர்க்கப்பட்டவர்கள். கறுப்புச் சாரதிக்கு நகரத் தெரு உண்டு, லொறி கழுவும் கொட்டில் உண்டு. கூலி கூடிய நெடுஞ்சாலை இல்லை. அவன் நெடுஞ்சாலைக்கு மாற விரும்பினால், நகரத்திற் சம்பாதித்த மூப்பு முழுவதையும் இழந்து அழைப்புப் பட்டியலின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். அவ்விதியை எழுதியது கொம்பனி மட்டுமன்று. சங்கமும் அதில் ஒப்பமிட்டிருந்தது. கொம்பனி பாகுபாடு காட்டியது உண்மையெனக் கண்ட நீதிமன்றம், மூப்பு விதி சட்டத்துக்கு அமைவானதெனத் தீர்ப்பளித்தது. ஆலய வாசலிலும் தேநீர்க்கடை வாசலிலும் நிறுத்தப்பட்டவர்களின் போராட்டத்தைக் கண்ட நம் நாட்டு வாசகருக்கு, விதி அமைவானதாயிருந்துகொண்டே அநீதியாயிருக்கக்கூடும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

உட்புறம் இவ்வாறு உளுத்திருந்த சங்கத்தின் மீதே 1980 இன் அடி விழுந்தது. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் லொறித் தொழிலிற் புதியவர் புகுவதையும், கூலிக்குறைப்புப் போட்டியையும் கட்டுப்படுத்தியிருந்தது. அக்கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்திற் சனாதிபதி கார்ட்டர் 1980 யூலை முதலாந் தேதி ஒப்பமிட்டார். இதனை முன்னின்று நடத்தியவர் யார் என்பது கவனிக்கத்தக்கது. பெருந் தொழிலதிபர் சங்கத்தோடு தோள்சேர்ந்து நின்றவர்கள் செனற்றர் எட்வேர்ட் கென்னடியும் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடரும். நுகர்வோனுக்கு விலை குறையும் என்றனர். சரக்குக் கட்டணம் குறைந்தது மெய்யே. அது யாருடைய கூலியிலிருந்து குறைந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. சங்கமோ தன் உறுப்பினரைத் திரட்டி வீதிக்கு வரவில்லை. அச்சட்டம் தொடர்பாகச் செனற்றர் ஒருவருக்கு இலஞ்சம் கொடுக்கச் சதி செய்தாரென்று சங்கத் தலைவர் ரோய் வில்லியம்ஸ் 1982 இற் குற்றவாளியாகக் காணப்பட்டார்! மினியாப்பொலிஸ் சந்தையில் இருவர் உயிர்கொடுத்துக் காத்ததை ஓர் இலஞ்சத்தினாற் காக்க முயன்றனர். அதன்பின் சங்கமில்லாத கொம்பனிகள் பெருகின; பழைய கொம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. தாமே லொறி ஓட்டிய அனுபவமுள்ள பொருளியலறிஞர் மைக்கல் பெல்சர், 1977 க்கும் 1995 க்கும் இடையில் லொறிச் சாரதியின் மெய்க்கூலி ஏறத்தாழ 30 சதவீதம் வீழ்ந்ததெனக் கணித்தார்.

சங்கத்தின் கோட்டையாக எஞ்சியிருந்த பழம்பெரும் கொம்பனிகளுள் ஒன்று 'யெல்லோ'. போட்டிக் கொம்பனிகளைக் கடன் வாங்கி விழுங்கிய அது, அக்கடனைச் சுமக்கச் சாரதிகளிடமே பலமுறை கூலிக்குறைப்புப் பெற்றது. 2020 இல் அரசாங்கம் 70 கோடி டொலர் கடன் கொடுத்தது. 2023 யூலை 30 இல் அது நின்றது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். அவர்களுள் 22,000 பேர் சங்கத்தவர். அவ்வாண்டின் முடிவில் அதன் 130 முனையங்கள் ஏறத்தாழ 188 கோடி டொலருக்கு ஏலம் போயின. மேடைகள் அப்படியே இருந்தன. வாசலிற் பெயர்ப்பலகை மாறிற்று. முப்பதாண்டு மூப்புப் பெற்று நிரந்தரத் தடத்தில் ஓடியவன், ஐம்பத்தைந்தாம் வயதில் வேறொரு கொம்பனியின் அழைப்புப் பட்டியலின் அடியிலே பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுத் தொலைபேசிக்குக் காத்திருந்தான்.

சாரதி கையால் எழுதிய ஏடும் போய்விட்டது. 2017 டிசெம்பர் முதல் இயந்திரத்தோடு பொருத்தப்பட்ட மின்கருவி அவனது நேரத்தைப் பதிகின்றது. 2004 இல் ஓட்டும் எல்லை பதினொரு மணித்தியாலமாக உயர்த்தப்பட்டிருந்தது. அவன் பதினொரு நிமிடம் கூடுதலாக ஓட்டினாற் கருவி காட்டிக்கொடுக்கும். அவனை மேடையில் மூன்று மணித்தியாலம் காக்கவைத்த களஞ்சிய முதலாளியை அது காட்டிக்கொடுப்பதில்லை. மேலதிக நேரக் கூலியிலிருந்து சாரதிகளை விலக்கிய 1938 ஆம் ஆண்டு வாசகத்தை நீக்கக் கோரும் மசோதா 2022 இலும், மீண்டும் 2023 இலும் அமெரிக்கக் காங்கிரசிற் சமர்ப்பிக்கப்பட்டது. இரண்டு முறையும் அது சட்டமாகவில்லை.